பக்கத்துக்குப் பக்கம் உபயம்

எங்கள் கோவிலில் உபயம் எழுதாத பொருள் கிடையாது. மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ஒரே குடும்பத்தின் பெயர். குழல் விளக்கில் எழுதிய பெயரில் பாதி வெளிச்சம் போய்விட்டது. துடைப்பம் வாங்கிக் கொடுத்தவர்கூடக் கைப்பிடியில் பெயின்டால் எழுதித்தான் கொடுத்தார். இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தவள், என் ஸ்லைடுகளை அப்படியே குழுவில் போட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். புக்கிட் பெலண்டோக் பக்கம் நாங்கள் குடியிருக்கும் ரப்பர் தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. கோவிலைத் தொடமாட்டார்களாம். பின்னால் இருக்கும் மண்டபத்தை மட்டும் இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்குவார்களாம். அந்த மண்டபத்தில்தான் மாலையில் நான் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பகலெல்லாம் செண்டாயான் தொழிற்சாலையில் திருகாணிகளைச் சோதித்துவிட்டு வரும் எனக்கு, மனுஷியாக இருப்பது அந்த நேரம் மட்டும்தான். மண்டபம் போனால் வகுப்பும் போகும். வேறு இடமே இல்லை.

வியாழக்கிழமை வந்து உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்று நிறுவனம் கொஞ்ச நேரம் ஒதுக்கியது. பவர்பாயிண்டில் ஒன்பது ஸ்லைடு செய்தேன். மண்டபத்தில் நடந்த கல்யாணம், காதுகுத்து, திருவிழாச் சமையல், என் வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் படம். “பாத்துட்டு தப்பு இருந்தா சொல்லுங்க” என்று கோவில் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன்.

தப்பு எதுவும் இல்லையாம். ஆனால் சாயங்காலம் திரும்பி வந்த கோப்பில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘உபயம்’ என்று போட்டு ஒரு குடும்பத்தின் பெயர் ஏறியிருந்தது. கல்யாணப் படத்தில் மணப்பெண்ணை மறைத்துக்கொண்டு கமிட்டித் தலைவர் மாயாண்டி கைகூப்பி நின்றார்.

முதலில் பொருளாளர் பஞ்சாலை அக்காவைப் பிடித்தேன்.

“நான் எதையும் அழிக்கலமா. கீழ எடம் சும்மா கெடந்துச்சி, அதான் போட்டேன்” என்றார்.

“அக்கா, இது கம்பெனிக்குக் காட்டறது. டியூப் லைட் இல்ல.”

“அதான் பெருசா போட்டேன் லா. கம்பெனிக்காரங்களுக்குத் தெரிய வேணாமா?”

இவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது. என் மடிக்கணினியில் இருந்த சுத்தமான கோப்பைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்து அனுப்பினேன். பார்க்கலாம், கை வைக்க முடியாது. உடனே தலைவர் அழைத்தார்.

“என்னாமா ரதி, பூட்டி வெச்சிருக்கியாமே? கோவில் சாமானுக்குப் பூட்டுப் போட நீ யாரு?”

“பூட்டெல்லாம் இல்ல தலைவரே. எல்லாரு ஃபோன்லயும் ஒரே மாதிரி தெரியும், எழுத்து கலையாது.”

“கலையாம இருந்தா எப்படிமா? பாரோய்லேருந்து முகுந்தன் அவங்கம்மா பேரப் போடணும்னு நிக்கிறான்.”

அதையும் விடவில்லை. பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தின் மேல் விரலாலேயே எழுதி அனுப்பினார்கள். முகுந்தனின் அம்மா என் டியூஷன் பிள்ளைகளின் தலைக்கு மேல் சிவப்பு நிறத்தில் வளைந்து வளைந்து ஓடினார். எனக்கு வந்ததே கோபம். ஸ்லைடுகள் அத்தனையையும் வீடியோவாக மாற்றினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம், தானாக நகரும். போதாததற்கு, யாராவது மடிக்கணினியைக் கேட்டு வந்து நிற்பார்களோ என்று அதில் இருந்த மூலக் கோப்பையும், குழுவில் நான் முதலில் போட்டதையும் அழித்துத் தொலைத்தேன். அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை நிறுவனத்தின் செண்டாயான் அலுவலகத்தில் குணாளன் என்ற அதிகாரி எங்களை உட்காரவைத்தார். பேசப்போவது தலைவர். அவர் மைக் பிடித்தால் சாமி புறப்பாடே தள்ளிப்போகும்.

“அந்தக் காலத்துல எங்க தாத்தா கப்பல்ல வந்தப்ப...” என்று ஆரம்பித்தார். தாத்தா கரையில் கால் வைப்பதற்குள் கல்யாணமும் காதுகுத்தும் திரையில் ஓடிவிட்டன.

“ரதி, கொஞ்சம் நிக்கச் சொல்லுமா.”

“நிக்காது தலைவரே. வீடியோ.”

நிறுத்தும் பொத்தான் என் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது. தலைவர் தாத்தாவைக் கடலிலேயே விட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடி வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்ல வந்ததை நேரத்துக்குள் சொல்லி முடித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

குணாளன் தலையாட்டினார். “நல்லா இருக்கு. ஆனா முடிவு என் கையில இல்ல. நாளைக்குக் காலைல எங்க முதலாளி டத்தோகிட்ட நான்தான் காட்டணும். மலாய்ல மாத்தணும், நில அளவு சேக்கணும். வீடியோல எப்படிங்க எழுதறது? பவர்பாயிண்ட் ஃபைல் குடுங்க.”

அதைத்தான் நான் அழித்துவிட்டேனே. “வீட்டுக்குப் போயி...” என்று நான் இழுப்பதற்குள் தலைவர் கைப்பேசியை எடுத்துவிட்டார்.

“எங்கிட்ட இருக்கு தம்பி. எல்லாரு பேரும் இருக்கு.” அந்த இடத்திலேயே அனுப்பியும் விட்டார்.

அன்று மாலை வகுப்பில், “டீச்சர், அடுத்த மாசமும் இங்கதானா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. வாய்ப்பாட்டைச் சொல்லு என்று அதட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கையோடு இருந்த நல்ல கோப்பை அழித்துவிட்டு ஊர் சிரிக்கிற கோப்பைக் கம்பெனிக்குப் போகவிட்டேனே என்று அழுகை முட்டியது.

மறுநாள் மதியம் குணாளன் அழைத்தார்.

“மண்டபத்த இடிக்கல.”

நான் திருகாணித் தட்டை அப்படியே மேசையில் வைத்தேன். “நெசமாவா சொல்றீங்க?”

“மலாய்ல மாத்தத்தான் நேரம் இருந்துச்சி. கீழ இருந்த பேருங்கள எடுக்க நேரம் இல்ல. இது என்னா, பக்கத்துக்குப் பக்கம் பேருனு டத்தோ கேட்டாரு. கோவிலுக்கு ஒண்ணு குடுத்தவங்க பேர அதுலயே எழுதி வெப்பாங்க, பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் இருக்கும்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“ஒவ்வொரு பக்கமா திரும்பப் போடச் சொல்லிப் பாத்தாரு. கடைசிப் பக்கம் வந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.”

“என்னா கேட்டாரு?”

“எனக்கு எந்தப் பக்கம்?”