பாதிப் பச்சை, பாதி ரோஸ்

சகாதேவன் யாரையும் முழுசாக நம்பிக் கெட்டதில்லை. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மனிதர். வாங்க வருகிறவர்கள் குடத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல அவர் மனிதர்களைத் தட்டிப் பார்ப்பார். கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் கழற்றிவிட்டு உள்ளே போகிற ஆள். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான்?

அவரிடம் ஒரு பழைய பியட் கார் இருந்தது. அறுபத்தெட்டாம் வருடத்து வண்டி, பால் வெள்ளை. மகள் கீதாஞ்சலிக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான் என்று சம்பந்தி வீட்டில் வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தார். சொல்லிவிட்டு வந்த பிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை அழைப்பு என்றால் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நாதஸ்வரத்துக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் பின்னால் வண்டி ஊர்ந்து போக வேண்டும். ஓடுகிற வண்டிக்குக் காற்றாவது கிடைக்கும். ஊர்கிற வண்டிக்கு அதுவும் கிடையாது. பழைய இன்ஜின் நடுரோட்டில் கொதித்து நின்றால், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை இறங்கி நடக்க வேண்டியதுதான். 

செங்கம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வேடியப்பன் அவருடைய பள்ளிக்கூடத் தோழர். வண்டியை வாங்கிய நாளிலிருந்து அதன் பானெட்டுக்குள் வேறு ஒருவர் கை போனதில்லை. அவரிடமே கொண்டுபோய் விட்டார்.

"போர் தண்ணிய ஊத்தி ஊத்தி உள்ள உப்பு பூத்துப் போச்சுடா" என்றார் வேடியப்பன். "நல்லா கழுவிட்டு, இன்ஜின் சூடேறாம இருக்கக் கூலண்ட் ஊத்தி வுடறேன். உன் ரேடியேட்டர் பித்தளை, ஈயத்துல பத்த வச்சது. பழைய வண்டிக்குப் பச்சைக் கூலண்டுதான் சரி. கம்மியாச்சுனா எங்கிட்ட வா. வேற எவன் எதைக் குடுத்தாலும் ஊத்தாத."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் சகாதேவனுக்கு மூக்கில் வியர்த்தது. வேறு எவனிடமும் போகாதே என்று ஒருவன் சொன்னால் அதில் அவனுக்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? போதாததற்கு வேடியப்பன் அந்தப் பச்சைத் தண்ணீரை ஒரு மொட்டைக் கேனிலிருந்து ஊற்றினார்.

"இன்னாடா, கேன் மேல பேரே ஒட்டல?"

"டிரம்முல வருதுடா. நான் கேன்ல பிரிச்சு வச்சுக்கறேன்."

பதில் சரியாகத்தான் இருந்தது. பதில்கள் சரியாக இருப்பதே சகாதேவனுக்குப் பிடிக்காது. வண்டியை விற்கிற யோசனை வந்தால் முதலில் என்னிடம் சொல் என்று வேடியப்பன் முன்பு இரண்டு தடவை கேட்டதும் அப்போது பார்த்து நினைவுக்கு வந்தது.

நேராக பஸ் ஸ்டாண்டு பக்கம் மணியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். மணிக்கு அன்றைக்கு நல்ல வாய்.

"இன்னாணா, இன்னும் பச்சைய ஊத்திக்கினு? இப்ப எல்லாரும் ரோஸ்தான். ஒரு வாட்டி ஊத்தினா அஞ்சு வருசம் தொட வேணாம்."

"பழைய வண்டிக்கு ஆவுமா?"

"எல்லா வண்டிக்கும் ஆவும்ணா. அதுலயே எழுதியிருக்குது பாருங்க."

எழுத்து எறும்பு சைஸில் இருந்தது. பாட்டில் பளபளவென்று மின்னியது. இவ்வளவு பளபளப்பு எதற்கு என்று அதன் மேலும் ஒரு சந்தேகம் விழுந்தது. அலமாரியில் தேங்கிக் கிடப்பதைத் தள்ளிவிடப் பார்க்கிறான். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தார். வேடியப்பன் பொய் சொல்லலாம். மணியும் பொய் சொல்லலாம். இரண்டு பேரும் சேர்ந்தா பொய் சொல்லப்போகிறார்கள்? மனைவி சரோஜா கோயிலுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து பாதிப் பச்சையை வாளியில் பிடித்தார். அந்த இடத்தில் ரோஸை ஊற்றி மூடினார். எவன் ஏமாற்றினாலும் இனிமேல் பாதிதான் ஏமாற்ற முடியும் என்று திருப்தியாகக் கையைக் கழுவினார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒத்திகை பார்த்தார். கிரிவலப் பாதையில், நடக்கிறவர்களுக்குப் பின்னால் அவர்கள் வேகத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போனார். சாமியார் ஒருவர் இவரைத் தாண்டிப் போனார். கொஞ்ச தூரத்திலேயே சூட்டு மீட்டர் முள் மேலே ஏறியது, பானெட்டுக்குள்ளிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. ஆறட்டும் என்று காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தார். உள்ளே கேழ்வரகுக் கூழ் மாதிரி ஏதோ கெட்டியாக நின்றது.

சகாதேவனுக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தார். வண்டியைப் படுக்க வைத்தால் வேடியப்பன் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதற்குத்தான் அந்த மொட்டைக் கேன்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனவர் ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை. கீழ்பென்னாத்தூர் டிரைவர் ஒருவரும் இரண்டு ஆட்டோக்காரர்களும் நின்றிருந்தார்கள்.

"இன்னாத்தடா ஊத்தின என் வண்டியில? என் வண்டி மேல உனக்கு ஒரு கண்ணுனு எனக்குத் தெரியாதுனு நெனச்சியா?"

வேடியப்பன் முகத்தில் ஈயாடவில்லை. மூடியைத் திறந்தார். அந்தக் கூழை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நீ வேற எதாச்சும் ஊத்தினியா?"

"நானா? ஒரு சொட்டுகூட ஊத்தல."

யோசிப்பதற்கு முன்பே பொய் வந்து விழுந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் கத்திய பிறகு வேறு என்ன சொல்ல முடியும்?

"பச்சையும் ரோசும் ஒண்ணாக் கலந்தாத்தான் இப்படிக் கூழாவும்" என்றார் வேடியப்பன் மெதுவாக. "நீ ஊத்தலனு சொல்ற. அப்ப என் டிரம்முலதான் எவனோ கலந்து அனுப்பிச்சுட்டான். என் தப்புதான்டா. பாக்காம ஊத்திட்டேன்."

சகாதேவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தார். குத்தல் இருக்கிறதா, கேலி இருக்கிறதா, தெரிந்துகொண்டே நாடகம் ஆடுகிறானா? எந்தப் பக்கம் தட்டிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படவில்லை. இவர் ஊற்றவில்லை என்றார், அவர் நம்பிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். சகாதேவனுக்கு வெட்கமாக இருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

வேடியப்பன் அந்தக் கேனை எடுத்து ஓரமாக வைத்தார். அதன் மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு போனை எடுத்தார்.

"மொதலாளி, வேடியப்பன் பேசறேங்க. போன வாரம் உங்க ஜீப்புக்கு ஊத்தினது கெட்ட சரக்குங்க. வண்டிய எடுக்காதீங்க, நானே வந்து கழுவி வுடறேன். ஆமாங்க, என் தப்புதாங்க."

அடுத்து ஒரு லாட்ஜ் மேனேஜர். அங்கிருந்து வந்த ஏச்சு, தள்ளி நின்ற சகாதேவன் காதிலேயே விழுந்தது. வேடியப்பன் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னார். ஆட்டோக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் தன் வண்டியை மெல்ல உருட்டி வெளியே கொண்டுபோனார். மூன்றாவது நம்பரை வேடியப்பன் தேடிக்கொண்டிருந்தபோது சகாதேவன் அவர் கையைப் பிடித்தார்.

"போதும்டா. நான்தான் ஊத்தினேன். மணி கடையில ரோஸ் வாங்கியாந்து பாதிக்குப் பாதி ஊத்தினேன்."

வேடியப்பன் போனைக் கீழே வைத்தார்.

"கேட்டப்போ ஏன்டா சொல்லல?"

சகாதேவன் சாக்பீஸ் குறி போட்ட கேனைப் பார்த்தார்.

"பச்சை மேல சந்தேகமா, என் மேலயா?"

அதற்கும் பதில் இல்லை. இல்லாததே பதிலாகப் போயிற்று.

வேடியப்பன் மறுபடி போனை எடுத்தார். லாட்ஜுக்கும் ஜீப்காரருக்கும் திரும்பப் போன் செய்து, சரக்கு நல்ல சரக்குதான், தகவல் தப்பாக வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். யார் தப்பு என்று சொல்லவில்லை. பிறகு ரேடியேட்டரைக் கழற்றி, கூழ் முழுவதும் போய்த் தெளிந்த தண்ணீர் வருகிறவரை அலசினார். குழாய்களை ஊதிப் பார்த்தார். உப்பில்லாத பேட்டரித் தண்ணீரும் பச்சையும் அளந்து ஊற்றி, இன்ஜினை நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓடவிட்டார். முள் நடுவில் வந்து நின்றது.

சாவியைக் கொடுக்கும்போது குரலில் கோபம் இல்லை.

"வண்டி ஊர்கோலத்துக்குத் தாங்கும், பயப்படாத. கல்யாணத்துக்கு மொத நாளே குடும்பத்தோட வந்துடறேன். கீதா எனக்கும் பொண்ணுதான். ஆனா இனிமே வண்டிய இங்க கொண்டு வராத."

"டேய், அப்ப நான் யார்கிட்ட போறது?"

"உனக்கு யார் மேல நம்பிக்கை இருக்குதோ அவன்கிட்ட போ."

செங்கம் ரோட்டிலிருந்து வேங்கிக்காலில் இருக்கும் வீடு வரைக்கும் முள் நடுவை விட்டு அசையவில்லை. சகாதேவன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்து யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை.