மேலூருக்கு மேலே கீழூர்

பள்ளி முற்றத்தை விட்டால் ஐன் ஸும்மாக் என்ற மலையூரில் சமதளம் என்று ஒன்று கிடையாது. தக்காளியோ பந்தோ, கை தவறினால் கீழூரில் போய்த்தான் நிற்கும். தெற்கே மலை, அதன் முதுகில் மேலூர். சரிவு முடிகிற வடக்குக் கோடியில் ஊற்று, அதைச் சுற்றிக் கீழூர். ஹௌரான் சமவெளியிலிருந்து ஒரு கழுதையோடு வந்து இந்த ஊரை உண்டாக்கிய அண்ணன் தம்பியில், காற்று வேண்டுமென்று அண்ணன் மேலே ஏறினானாம். தண்ணீர் போதுமென்று தம்பி கீழேயே தங்கிவிட்டானாம். கழுதை யாரோடு போனது என்பதில் மட்டும் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. துருக்கியர் வந்து போனார்கள், ஆங்கிலேயர் வந்து போனார்கள். கீழூரை ‘தவளைகள்’ என்று மேலூரும், மேலூரை ‘காற்றுத்தின்னிகள்’ என்று கீழூரும் கூப்பிடுவது மட்டும் நிற்கவே இல்லை.

ருதைனா மேலூர்க்காரி, அந்தப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. ஊற்றங்கரையில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஹிக்மத் கீழூர்க்காரன். வெள்ளிக்கிழமை அவன் வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு. அவள் அப்பா அபூ நாஸிஃப் முனகிக்கொண்டேதான் தலையாட்டியிருந்தார். ஆனாலும் ஆட்டியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிச் சுவரில் தொங்கிய துணியை விலக்கினாள்.

குளிர்காலம் முழுக்க அவள் சுவரிலேயே வரைந்த ஊர்ப்படம் அது. ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு கிணறும், ஒவ்வொரு வயலும் அதனதன் பெயரோடு இருந்தன. கூட்டம் தன் வீட்டைத் தேடி நெருக்கியடித்தது. முதலில் கண்டுபிடித்தவள் அடுத்த வீட்டு உம்மு வஜீஹ்.

“ஏன்டி பொண்ணே, ஊத்து எதுக்கு என் தலைக்கு மேல இருக்கு?”

“அது வடக்கு, அத்தை. படத்துல வடக்கு மேலதான் வரும்.”

“யாரு சொன்னா?”

“உலகம் முழுக்க அப்படித்தான்.”

“உலகம் முழுக்க இங்க வந்து தண்ணி சுமந்துச்சா? நான் சுமந்திருக்கேன். கீழ போய்த்தான் மொண்டேன், மேலதான் ஏறினேன். இந்த முட்டியைக் கேளு.”

இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: சுவரின் உச்சியில் கீழூர், அதன் காலடியில் மேலூர். பின்வரிசையில் ஒரு கீழூர்க்காரர் மெதுவாகத் தவளை போலக் கத்தினார்.

சாயங்காலத்துக்குள் கீழூர் முழுக்கத் திருவிழா. ஹிக்மத்தின் அப்பா அபூ ஹிக்மத் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தேநீர் கொடுத்து, “போய்ப் பாத்துட்டு வாங்க, நம்ம மருமக நம்மளை எங்க வெச்சிருக்கா பாருங்க” என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு சரிவில் ஏறி அபூ நாஸிஃபின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

“இன்னும் நிச்சயமே ஆகல” என்றார் அவர், ஆலிவ் ஊறுகாயைத் தட்டில் தள்ளி வைத்து. “அதுக்குள்ள மாமனார் வீட்டைத் தூக்கி என் தலைமேல வெச்சுட்ட.”

“அப்பா, அது ஒரு வழக்கம். அவ்வளவுதான்.”

“எனக்கும் ஒரு வழக்கம் தெரியும். வெள்ளிக்கிழமை வரட்டும். காபி ஊத்து. கோப்பை கீழயே இருக்கட்டும்.”

அவர் சொல்வது எந்த வழக்கம் என்று ருதைனாவுக்குத் தெரியும். பெண் கேட்க வருகிறவர்களின் தலைவர் காபியைத் தொடாமல் முன்னால் வைப்பார். பெண்ணின் அப்பா ‘குடியுங்கள்’ என்றால் கல்யாணம். சொல்லாவிட்டால் காபி ஆறும். வந்தவர்கள் எழுந்து போவார்கள். ஆறிய காபி இந்த ஊரில் மூன்று தலைமுறைக்குப் பேசப்படும்.

மறுநாள் ஊற்றங்கரையில் ஹிக்மத் யோசனை சொன்னான்: “படத்தைத் தலைகீழா வரைஞ்சிடு.”

“உங்க அப்பா சும்மா இருப்பாரா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “மாட்டாரு. ஏற்கெனவே ரெண்டு மூட்டை சர்க்கரை தீந்துபோச்சு.”

“ரெண்டு பக்கமும் சிரிக்கிற மாதிரி ஒரு சுவரைக் காட்டு, வரையறேன்.”

அப்படி ஒரு சுவர் இல்லை. புதன்கிழமை மாலை அவள் கடைசி முயற்சியாகப் பென்சிலில் வரைந்த பழைய படத்தை எடுத்துவந்து வீட்டுத் தரையில் விரித்தாள். அப்பா மேலிருந்து பார்க்க மறுத்துக்கொண்டே பார்த்தார். தாளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஓரிடத்தில் நின்றார், படத்திலிருந்த மலைக்கு முதுகு காட்டி, ஊற்றைப் பார்த்து.

“இதோ,” என்று கால் விரலால் காட்டினார். “இங்க நம்ம வீடு. இறங்கினா ரொட்டி அடுப்பு. இன்னும் இறங்கினா தவளைங்க. இது சரியா இருக்கே. இதை ஏன் சுவத்துல வரையல?”

“அப்பா, இதைத்தான் வரைஞ்சேன்.”

“இல்ல. அது தப்பு. இது சரி.”

ருதைனா படத்தைப் பார்த்தாள், அப்பாவின் பாதங்களைப் பார்த்தாள். பிறகு தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் வேலை தொடங்கியது. சுவருக்கு வெள்ளை பூசினாள். ஹிக்மத்தும் அவன் நண்பர்களும் முற்றத்தைக் கழுவினார்கள். மலை இருக்கும் திசையில் மலை, ஊற்று இருக்கும் திசையில் ஊற்று என்று, சிமெண்டுத் தரை முழுக்க ஊர் மறுபடி எழுந்தது. ஒரு வீட்டில் ஒருவர் கால் நீட்டி உட்காரலாம், அவ்வளவு பெரிது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மேலூர்க்காரர்கள் மேல் வாசல் வழியாகவும், கீழூர்க்காரர்கள் கீழ் வாசல் வழியாகவும் வந்தார்கள். இரண்டு கூட்டமும் சண்டைக்குத் தயாராக வந்து, சண்டைக்கு எதையும் காணாமல் நின்றன. யார் தலைக்கு மேலும் யாரும் இல்லை. உம்மு வஜீஹ் முதலில் செருப்பைக் கழற்றினாள். தன் வீட்டுக்குள் போய் நின்று, ஊற்றைப் பார்த்தாள்.

“இப்பத்தான் கீழ இருக்கு” என்றாள் திருப்தியாக. பிறகு ஒருவரை அதட்டினாள்: “ஏய், அது என் முற்றம். சுத்திப் போ.”

அபூ நாஸிஃப் மட்டும் மேல் வாசலைத் தாண்டவில்லை. அவர் காலடியில், படத்தின் தென்கோடியில், மலைக்கு அந்தப் பக்கத்து ஆலிவ் நிலம் இருந்தது. அவருடையது. ஆக்கிரமித்துக் குடியேறியவர்களின் சாலையும் வேலியும் வந்த பிறகு, அறுவடைக்கு ஓரிரு நாள் மட்டும், அதுவும் சிப்பாய்கள் விட்டால், அவர் போய்வரும் நிலம். ருதைனா வேலியை வரையவில்லை.

அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே நடந்து, மரங்களுக்கு நடுவில் நின்றார். ஒவ்வொரு மரமாக எண்ணினார். ருதைனா தூரிகையோடு பக்கத்தில் வந்தாள்.

“மூலையில ஒரு கரோப் மரம் இருக்கும்” என்றார் கடைசியில். “அதைக் காணோமே.”

“நான் பாத்ததில்லையேப்பா. வேலி வந்தப்போ நான் சின்னப் பொண்ணு.”

“தூரிகையைக் குடு.”

அவர் குந்தி உட்கார்ந்து வரைந்தார். மரமாகவே இல்லை, பச்சை முட்டைக்கோஸ் போல இருந்தது. ஆனால் மூலை சரி என்று மேலூரின் வயதானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஈரம் காயாத பச்சையை ஒரு காலால் மிதித்தபடியே அவர் நிமிர்ந்து, சரிவு நெடுகப் பார்த்தார். கீழ்க்கோடியில், தன் வீட்டு ஓவியத்தில், அங்கி தரித்த பெரியவர்களோடு அபூ ஹிக்மத் நின்றிருந்தார்.

“என்ன அங்கயே நிக்கிறீங்க?” என்று கூப்பிட்டார் அபூ நாஸிஃப். “பொண்ணு கேக்கணும்னா ஏறி வரணும்.”

“ஏறத்தானே போறோம்” என்றார் அபூ ஹிக்மத். “உங்க காத்து வாங்க வேற எப்படி வர்றது?”

அவர்கள் ஏறினார்கள், தட்டைத் தரையில்தான். ஆனாலும் ஒருவர் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக் காட்டினார், முற்றமே சிரித்தது. அபூ நாஸிஃபும் வந்து சேர, ருதைனாவின் வீட்டுச் சதுரத்திலும் அதைச் சுற்றியும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. அபூ ஹிக்மத் கோப்பையைத் தொடாமல் முன்னால் வைத்தார், அந்த வீட்டில் குளிர்கால அடுப்பு இருக்கும் பக்கமாக.

“எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்.”

அபூ நாஸிஃப் தாடியைத் தடவினார். “ஒரு கேள்வி. கழுதை யாரோட போச்சு?”

அபூ ஹிக்மத் ஹிக்மத்தைப் பார்த்தார். கோப்பையின் ஆவியைப் பார்த்தார். “அண்ணனோடதான்” என்றார், பல்லைக் கடித்து.

“குடிங்க” என்றார் அபூ நாஸிஃப்.

குலவைச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. யார் குழல் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது. சற்று நேரத்தில் ஊரே தன் ஊரின் மேல் தோள் சேர்த்து தப்கே ஆடியது. உம்மு வஜீஹ் முட்டியை மறந்திருந்தாள்.

பொழுது சாய்ந்து பார்த்தபோது பாதி ஊர் தேய்ந்து போயிருந்தது. அதிகம் தேய்ந்தது மேலூர்தான், அங்கேதான் நல்ல ஆட்டம் என்றார்கள் மேலூர்க்காரர்கள். கீழூர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காபித் தட்டை ஏந்தி வீட்டுக்கு ஏறிய ருதைனா சண்டையைக் கேட்டுக்கொண்டே வந்தாள். வழியெல்லாம், படிக்குப் படி, செருப்பில்லாமல் முன்னால் ஏறிப் போன அப்பாவின் ஒரு பாதம் பச்சையாகப் பதிந்திருந்தது.