குச்சி கேட்ட அக்கா

1

இந்தக் கதை என் மைத்துனர் கொடுத்தது. அவர் விளம்பரப் புகைப்படக்காரர். சாப்பாட்டு மேசையில் இதை ஜோக்காகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் எழுத உட்கார்ந்தேன்.

2

"காலைப் பனியில் திராட்சைத் தோட்டம் கண்விழித்தபோது…"

வேண்டாம். தோட்டம் கண்விழிக்காது. தோட்டக்காரர்தான் விழிக்க வேண்டும்.

தோட்டக்காரரின் அக்கா ஓர் அழகுப்பொருள் நிறுவனத்தில் வேதியியலாளர். கவாத்து முடிந்ததும் வெட்டிய கொடிக்குச்சிகளைத் தம்பி குவித்து எரித்துவிடுவார். ஒருமுறை அக்கா அதில் ஒரு கட்டு எடுத்துப்போய்ப் பொடித்து, எரிசாராயத்தில் ஊறவைத்து வடித்தார். பழுப்பாக ஒரு சாறு வந்தது. தோலைக் காக்கும் பொருள் அதில் தாராளமாக இருந்தது. (அதன் பெயரையும் எழுதியிருந்தேன். அரை வரியை அடைத்துக்கொண்டது. தூக்கிவிட்டேன்.)

"குப்பையில இவ்வளவு இருக்கா!" என்று மேலாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். முகக்களிம்பு பிறந்தது. பெயர்: 'கழிவழகு'.

3

"இன்னும் கொஞ்சம் குச்சி வேணும்டா" என்று அக்கா போன் செய்தார். அடுத்த வாரமும் செய்தார். அதற்கடுத்த வாரமும். தம்பி மாட்டேன் என்றதே இல்லை.

[தம்பியைப் பேராசைக்காரராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அக்கா தன்னிடம் ஒன்று கேட்கிறாள் என்பதே அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.]

அறுவடைக் காலத்தில் விளம்பரப் படம் எடுக்க மேலாளரும் அக்காவும் என் மைத்துனரும் தோட்டத்துக்குப் போனார்கள். பந்தலில் ஒரு குலைகூட இல்லை. கொடிகள் மொட்டையாக நின்றன.

"பழம் எங்கடா?"

"காய்க்கிற கொம்பையும் சேர்த்து வெட்டிட்டேன்க்கா."

"நான் கழிவைத்தானேடா கேட்டேன்!"

"கழிவு எப்பவோ தீந்துபோச்சு. நீ கேட்டுக்கிட்டே இருந்தியே."

அக்காவின் முகம் செத்துவிட்டது. மேலாளர் மட்டும் அசரவில்லை. "கவலைய விடுங்க. வண்டியில பிளாஸ்டிக் குலை இருக்கு."

4

முடிவுகள்:

அ. அக்கா வேலையை விட்டுவிடுகிறார். (கைதட்டல் கிடைக்கும். நான் நம்பவில்லை.)

ஆ. அக்கா கேமராவுக்குச் சிரிக்கிறார். (நம்புகிறேன். எழுதக் கை வரவில்லை.)

இ. அக்கா தம்பியிடம் மன்னிப்

இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். தம்பி பிளாஸ்டிக் குலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். உச்சியில் நின்று, மேலாளரையோ கேமராவையோ பார்க்காமல், அக்காவைப் பார்த்து உற்சாகமாகக் கேட்டார்: "எங்க கட்டணும்க்கா?"

மைத்துனர் அந்த நொடியில் படம் எடுத்துவிட்டார். படத்தில் அக்காவின் வாய் திறந்திருக்கிறது. அக்கா என்ன சொன்னார் என்று மைத்துனருக்கு நினைவில்லை. ஏணியில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார், நீங்களே சொல்லுங்கள்.