ஆப்பிளை விட்டு விலகு

தலைமையாசிரியர் பேசி முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை மேசைமேல் வைத்தார். இனி என் முறை. எதிரே நிர்வாகக் குழுவினர் ஐந்து பேர். பக்கத்தில் ஒரு மாணவி, நகத்தைக் கடித்தபடி. அவளைப் பள்ளியை விட்டு நீக்கலாமா என்பதுதான் இன்றைய கேள்வி. அவளுக்காகப் பேச ஆளுண்டா என்று கேட்டபோது கையைத் தூக்கியவள் நான், தர்க்கம் சொல்லித்தரும் டீச்சர். அவள்மேல் இரக்கமா? கொஞ்சம். மிச்சமெல்லாம் வன்மம்.

எங்கள் கிறிஸ்தவப் பள்ளி பழைய முறையில் நடப்பது. சின்ன வகுப்பில் இலத்தீன் இலக்கணம் மனப்பாடம், நடு வகுப்பில் தர்க்கம், மேல் வகுப்பில் மேடைப் பேச்சு. மூன்றும் சேர்ந்து கடவுளுக்குப் பயந்த, உண்மையை நேசிக்கிற மனிதனை உருவாக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நான் அதை இன்றும் நம்புகிறேன். தலைமையாசிரியரைத்தான் நம்பவில்லை.

இலத்தீனில் 'மலும்' என்று குறிலாகச் சொன்னால் தீமை. 'மாலும்' என்று நீட்டினால் ஆப்பிள். போன வாரம் காலை வழிபாட்டில், தீமையை விட்டு விலகச் சொல்லும் வசனத்தைத் தலைமையாசிரியர் நீட்டி முழக்கினார். "சார், ஆப்பிளை விட்டா விலகணும்?" என்று இவள் கேட்டுவிட்டாள். கூடமே சிரித்தது. மறுநாள் வீட்டுக்குக் கடிதம்: தலைமையாசிரியர் தப்பாக உச்சரித்தார் என்று பொய் சொல்லி வேதத்தைக் கேலி செய்தாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இதே கூடத்தில், இதே நெடிலுக்கு, என் தம்பி கையைத் தூக்கினான். அவனுக்கும் இதே கடிதம்தான்; பள்ளியை விட்டே நீக்கினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் வாயைத் திறக்கவில்லை. இன்றும் ஆப்பிளைத் தொடமாட்டான். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்கும் சேர்ந்தேன். காலையில் போனில், "விடுக்கா, அந்தாளுக்கு வயசாயிடுச்சு," என்றான்.

"வயசானா என்ன? நாக்கு இன்னும் நீளமாத்தானே இருக்கு. நீ சும்மா இருடா."

சுவரில் தலைமையாசிரியரின் கையெழுத்திலேயே ஒரு விதி தொங்குகிறது. எதிராளியின் வாதத்தை, 'அதுதான்' என்று அவரே தலையாட்டும்படி எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுக்க வேண்டும். அதுவரை வேறு யாரும் பேசக் கூடாது. அதை எனக்குச் சொல்லித்தந்ததும் அவர்தான்.

எழுந்தேன்.

"சார் சொல்ல வர்றது இதுதான். இந்தப் பொண்ணு சொன்னது பொய் இல்ல. நெடில் தப்புன்னு சாருக்கு அன்னைக்கே தெரியும். ஆனா பிள்ளைங்க முன்னால தலைமையாசிரியர் தலை குனிஞ்சா பள்ளிக்கூடமே நிக்காதுன்னு நம்புறாரு. அதுக்கு ஒரு பிள்ளை போனா போகட்டும்னு நெனச்சாரு. முதல்ல ஒரு பையன். இப்ப இவ." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "உங்க வாதத்தைச் சரியாச் சொன்னேனா சார்?"

அவர் என்னையே பார்த்தார். "இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்தியாம்மா?"

"நீங்கதானே சார் மனப்பாடம் பண்ணக் கத்துக்குடுத்தீங்க."

குழுத் தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சுவரைக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. மாணவி நகம் கடிப்பதை நிறுத்தியிருந்தாள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் மோவாய் அசைந்தது. கீழேயா, பக்கவாட்டிலா என்று பார்க்க, நாங்கள் ஏழு பேரும் ஒன்றாக முன்னால் சாய்ந்தோம்.