விசாரிக்க வந்தவர்

ராஜபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அசன் முகம்மது, முப்பது வருசத்தில் அடுத்தவன் சரக்கைக் குறை சொன்னது கிடையாது. பக்கத்துக் கடைக் குக்கர் எப்படி என்று யாராவது கேட்டால், "நல்லாத்தான் இருக்கும், வாங்கிப் பாருங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பேர் இவரிடம் வாங்கிவிடுவார்கள்.

அதனால் எதிர்வீட்டு நாகஜோதி காலையில் வந்து கேட்டபோது அவர் பெரிதாக யோசிக்கவில்லை.

"அண்ணே, சுந்தரபாண்டியத்துலருந்து பொண்ணோட அப்பா இன்னைக்கு விசாரிக்க வாராரு. தெருவுல முதல்ல உங்க கடையிலதான் கேப்பாரு. நல்ல வார்த்தை நாலு சொல்லிருங்க."

"சொல்லாம என்ன தங்கச்சி. கடைக்கு வந்தவர வெறுங்கையோட அனுப்புற வழக்கம் நமக்கு உண்டா?"

"ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சுட்டா அவன் அடங்கிருவான்ணே."

அவன் என்பது அவள் மகன் சூர்யபிரகாஷ். வயது இருபத்தேழு. எட்டாவது படிக்கும்போதே ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல பெஞ்சில் உட்கார மாட்டான். நோட்டில் முதல் வரி இருக்கும், இரண்டாவது வரி இருக்காது. வாத்தியார் கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்வான், அதுவும் வேறு கேள்விக்கு. கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும். மூன்று பள்ளிக்கூடம் மாறிய பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஹாஸ்டலில் தள்ளினார்கள். கொண்டுபோய் விட்ட அப்பா பஸ் பிடித்து வருவதற்குள், இவன் மதில் தாண்டி லாரி ஏறி வீடு வந்து சேர்ந்திருந்தான். இப்போது அந்த அப்பா இல்லை.

அப்போதே மதுரையில் ஒரு டாக்டர் பார்த்தார். இது திமிர் இல்லை, கவனம் நிற்காத கோளாறு. பயிற்சியும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். கவனிக்காமல் விட்டால் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் போதை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்றார். நாகஜோதி மருந்துச்சீட்டோடு அசன் முகம்மதுவிடம்தான் யோசனை கேட்டாள்.

"ஆம்பளப் பிள்ளைன்னா துள்ளத்தான் செய்யும். மூளைக்கு மாத்திர சாப்பிட்டான்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார் அவர்.

நல்ல வியாபார யோசனை. சீட்டு மருந்துக்கடைப் பக்கமே போகவில்லை. பதினைந்தில் உதட்டுக்குள் புகையிலை, பதினேழில் பிராந்தி, பிறகு கஞ்சா, இப்போது வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுவது வரை வந்தாயிற்று. இரண்டு தடவை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். இரண்டு தடவையும் வெளியே வந்து நாற்பது நாளில், பழைய குருடி கதவைத் திறடி.

நாகஜோதி போன செத்த நேரத்தில் சூர்யபிரகாஷே வந்து நின்றான். பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை.

"பாய், அம்மா பொய் சொல்லச் சொல்லியிருக்கும்."

"ஏலே, அதெல்லாம் பெரியவங்க பேச்சு."

"உள்ளதச் சொல்லிருங்க பாய். விடணும்னுதான் நெனைக்கேன், ஏல மாட்டேங்கு. நடுவுல அந்தப் பிள்ளை எதுக்கு?"

பேசிக்கொண்டே அடுக்கி வைத்திருந்த தம்ளர்களைக் கலைத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தான். பத்தாவது தம்ளரில் அலுத்து, அப்படியே விட்டுப் போனான். மீதியை அசன் முகம்மது அடுக்கி முடித்தார்.

பதினொரு மணிக்குப் பெண்ணின் அப்பா சோலைராஜ் வந்தார். ஓர் அண்டாவின் விலை கேட்டார். அண்டா வாங்க வந்தவர் அண்டாவைத் தட்டிப் பார்ப்பார். இவர் எதிர்வீட்டையே பார்த்தார்.

"எதிர்வீட்டுப் பையன் எப்படி பாய்?"

'நல்லாத்தான்' என்பது பல்வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, குடி, ஊசி, மையம், தான் சொன்ன அந்தக் கேடுகெட்ட யோசனை உட்பட எல்லாவற்றையும் அசன் முகம்மது கொட்டிவிட்டார்.

சோலைராஜ் கண் சிமிட்டாமல் கேட்டார். "குடிப்பான்னு தரகர் சொன்னாரு. ஊசியச் சொல்லல."

"அப்ப இந்த எடம் வேண்டாம்தான?"

"எனக்கு மூணு பொண்ணு பாய். இது மூத்தது." பையிலிருந்து செல்லை எடுத்தார். "பத்து பவுனுல்ல கேட்டாக."

நசுங்கின குடத்தைத் திருப்பிக் கொடுப்பவர் குறைவு. நசுங்கலைக் காட்டி விலையைக் குறைப்பவர்தான் அதிகம். பாத்திரக்கடைக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? ஆனாலும் அசன் முகம்மது இதை எதிர்பார்க்கவில்லை.

சோலைராஜ் செல்லில் பேசினார். நாகஜோதியின் பதில் செல்லிலும் கேட்டது, எதிர்வீட்டு ஜன்னல் வழியாகவும் கேட்டது.

"பேசுனது பத்து. அதுல மாத்தமில்ல."

"ஊசி போடுற பையனுக்கு அஞ்சே ஜாஸ்தி தாயி."

"எட்டு."

"ஆறு."

ஏழில் நின்றது. பேசியிருந்த பைக்கும் கிடையாது என்று சோலைராஜ் சேர்த்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார் அசன் முகம்மது.

"அதுக்கு என்ன தெரியும்? ரொம்ப உபகாரம் பாய். இந்தக் காலத்துல எவன் உண்மையச் சொல்லுதான்?" இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நடந்தார்.

நாகஜோதி தெருவைக் கடந்து வந்தாள். வசவு வாங்கத் தயாராக அசன் முகம்மது கல்லாவை விட்டு எழுந்து நின்றார். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"போகட்டும்ணே, மூணு பவுன்தான. எல்லாம் தெரிஞ்சேல்ல குடுக்காக? நாளப்பின்ன அவன் என்ன செஞ்சாலும் நம்மள ஒருத்தர் கேக்க முடியாது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் எம்புட்டு நாளுதான் அவங்கூட மல்லுக்கட்ட? ஆஸ்பத்திரி, மாத்திர எல்லாம் இனி அந்தப் பிள்ளை வந்து பாத்துக்கிடும்."

"பிள்ளை பேரென்ன?" என்று கேட்டார் அசன் முகம்மது.

நாகஜோதி யோசித்தாள்.

"பிரியாவோ என்னமோ சொன்னாகண்ணே. ஜாதகத்துல எழுதியிருக்கும்."