ஐம்பத்தேழாம் அத்தியாயத்துச் சுவர்

உழவர்கரையில் ராமலிங்கம் வீட்டுக் கூடத்தின் நடுவே சுவர் எழும்பத் தொடங்கியது ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு. அன்றைக்கு ஒரு வரிசை செங்கல்தான். கொத்தனார் வரவில்லை, யாரும் கலவை குழைக்கவில்லை. மூத்த மருமகள் பூர்ணிமா அதைத் தாண்டிப் போய்ப் பால் காய்ச்சினாள். ஈரம் காய்வதற்குள் பிள்ளைகள் மிதித்துவிடப் போகிறார்களே என்று மட்டும் கவலைப்பட்டாள்.

சுவர் எங்கிருந்து வருகிறதென்று தெரிந்தவர் ராமலிங்கம் ஒருவர்தான். முப்பத்திரண்டு வருஷம் மில்லில் தறி ஓட்டியவர், பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்க் கூடத்துக் கட்டிலில் கிடந்தார். காதுக்கு ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியதால், பூர்ணிமா மத்தியானங்களில் போனில் ஒரு குடும்ப நாவலை ஓடவிட்டாள். ஊரே கேட்டு அழுத நாவல், அறுபது அத்தியாயம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. அதில் ஒரு சண்டை முடிந்தால் கூடத்தில் ஒரு வரிசை ஏறும். மகன்கள் கோபிநாத்தும் விஜய்யும் கடைசிவரை ஒரே உலையில் சாப்பிட வேண்டும் என்பதுதான் மனைவி ராஜாம்பாள் சாகும்போது அவரிடம் வாங்கிய வாக்கு. அது கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. பாவம், மனிதர் என்ன செய்வார்?

செய்யாமலும் இல்லை. அசைந்த ஒரே கையான இடக்கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். தறி இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாத மில்லில் அதற்கு ‘நிறுத்து’ என்று அர்த்தம். மில் வாசலையே மிதித்திராத பூர்ணிமா, மாமாவுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று சத்தத்தைக் கூட்டினாள். அவர் கண்ணில் நீர் வழிந்தால், கதையில் இத்தனை லயிப்பா என்று இன்னொரு அத்தியாயம் போட்டாள். சுவர் இடுப்பளவு வந்தபோது ஓரகத்திகள் அதன்மேல் குழம்புக் கிண்ணத்தை வைத்து வாங்கிக்கொண்டார்கள். கழுத்தளவு வந்தபோது விஜய் தனி சிலிண்டர் வாங்கினான். ஐப்பசியில், ஐம்பத்தேழாம் அத்தியாயத்தன்று, கூரையைத் தொட்டது. கட்டிலைச் சுற்றி மட்டும் மரியாதையாக வளைந்து போயிருந்தது. வீட்டுக்கு இரண்டு கதவு எண் வந்தது.

அதற்கு மறுநாள்தான் பாவாடை வந்தார். அதே மில்லில் பக்கத்துத் தறிக்காரர், இப்போது கடலூரில் மகள் வீட்டோடு இருப்பவர். ஐம்பத்தெட்டாம் அத்தியாயம் தொடங்கும் நேரம். உயர்ந்திருந்த கையைப் பார்த்தவர் உள்ளே வரும் முன்னமே பதறினார்.

“அத நிறுத்தும்மா. நிறுத்துன்னுதான சொல்றாரு. எத்தினி நாளா இப்டி கையத் தூக்கிக்கினு கெடக்கறாரு?”

பூர்ணிமா ஆடிப்போனாள். மாமனார் காலைத் தொட்டு அழுதாள், நாவலைப் போனிலிருந்தே அழித்தாள். ராமலிங்கம் மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கண்ணை மூடி நிம்மதியாக மூச்சு விட்டார். டீ குடித்துக்கொண்டே பாவாடை பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“எம் பொண்ணும் இதத்தான் கேட்டுச்சி. கடைசி அத்தியாயத்துல அண்ணந்தம்பி ரெண்டு பேரும் சேந்து செவுத்த இடிச்சிடுவாங்களாம்.”

ராமலிங்கம் கண்ணைத் திறந்தார். இடக்கை மேலே போயிற்று, விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. மில்லில் தறியை நிறுத்தச் சொல்லத்தான் சைகை உண்டு. ஓட்டச் சொல்வதற்குச் சங்கு இருந்தது. மில்லோடு அதுவும் போயிற்று.

“நிறுத்திட்டேன் மாமா,” என்றாள் பூர்ணிமா. “இனிமே போடவே மாட்டேன்.”

பொங்கலுக்குச் சுவரின் இந்தப் பக்கம் நீலமும் அந்தப் பக்கம் மஞ்சளும் அடித்தார்கள். மூன்றரை மணியானால் இன்றைக்கும் அந்தக் கை உயர்கிறது. பூர்ணிமா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, நிறுத்தியாயிற்று என்று பொறுமையாகச் சொல்கிறாள்.