முன்சக்கரப் பூட்டு

வண்டி விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார்கள். நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். அக்காவின் கணவர் அப்படியில்லை. நான் என்ன சொன்னாலும் நம்புகிற மனிதர். அந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது என்று சொன்னால், ஆறுதலுக்காவது யாராவது மறுத்துப் பேசுவார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம் என்றுதான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் பொய். பயந்துகொண்டு சொல்லவில்லை.

நான் டீசல் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாகத் தகரக் கூரை போட்ட ஒரே பட்டறை. எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் அடம்பிடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமை இருக்கிறவனுக்கு மனுஷர்கள் பேசுவது மட்டும் காதில் விழாது என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

அத்தான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். வாரம் முழுக்க மலையும் ஓடையுமாக வரைந்து தள்ளிவிட்டு, லீவு நாளில் அவற்றை நேரில் பார்க்க வேண்டும் என்று துடிப்பார். அவருக்கு அலுவலக பஸ் உண்டு. தினமும் வண்டி ஓட்ட வேண்டியவள் அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போக வர அறுபது கிலோமீட்டர். ஆக, வாங்கப்போகிற வண்டி அக்காவுக்குத் தினசரி வண்டி, இரண்டு பேருக்கும் காட்டு வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டிதான் என்று முடிவாகி, தேடித் தேடிக் கடைசியில் இரண்டு பழைய வண்டிகளில் வந்து நின்றார்கள்.

முதல் வண்டிக்கு நான் வைத்த பெயர் கிழவன். பதினெட்டு வயது. இரும்பு இரும்பாக இருக்கும். ஒரு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் இருந்தால் எந்தப் பாறை மேலும் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். இரண்டாவது வண்டி சீமாட்டி. ஐந்து வயதுதான். கியர் தானாக மாறும், ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குமிழைத் திருப்பினால் போதும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் தீர்ப்பு சொன்னேன். அக்கா இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்திருந்தாள். சீமாட்டியே போதும், தினமும் ஓட்டப்போவது நான்தானே, கிழவனின் கிளட்சை மிதித்தால் இடுப்பு விட்டுப்போகிறது என்றாள். நான் சிரித்தேன். காட்டுக்குக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு போகிற மாதிரி அந்த வண்டி என்றேன். அத்தானும் சிரித்தார். அவள் விடவில்லை என்றதும் கடைசி ஆணியை அடித்தேன்.

"சீமாட்டிக்கு உள்ள முழுக்க ஒயரும் சென்சாரும்தான்க்கா. நடுக்காட்டுல அது நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடுவே?"

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அடுத்த வாரம் கிழவன் வீட்டு வாசலில் நின்றது.

கிழவனில் ஒரு விஷயம் உண்டு. அதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஊறுகாய் ஜாடி மூடி அளவில் ஒரு திருகு இருக்கும். ஹப் என்போம். அதை லாக் பக்கம் திருப்பினால்தான் முன்சக்கரம் எஞ்சினோடு சேரும். ஃப்ரீ பக்கம் இருந்தால், உள்ளே இருக்கும் சின்ன லீவரை எவ்வளவு இழுத்தாலும் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். கொடுமை என்னவென்றால், லீவரை இழுத்ததும் டேஷ்போர்டில் பச்சை விளக்கு மட்டும் ஜம்மென்று எரியும். ஹப் பூட்டியிருக்கிறதா இல்லையா என்று அந்த விளக்குக்குத் தெரியாது.

வாங்கின புதிதில் அந்தத் திருகுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. அத்தான் ஒரு நாள் இடுக்கியை வைத்துத் திருப்பப் பார்த்து விளிம்பைக் கீறிவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதைத் தொடவே தொடாதீர்கள், பயணத்துக்கு முந்தின நாள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு இரண்டையும் கழற்றி, கழுவி, கிரீஸ் போட்டு மாட்டினேன். வெண்ணெய் மாதிரித் திரும்பியது. ஆனால் தொடக்கூடாது என்ற தடையை மட்டும் நான் நீக்கவில்லை. மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடக்காது என்பதுபோல, நான் இல்லாமல் அவர்கள் காட்டுக்குப் போகக்கூடாது என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும். அக்காவுக்கு அந்தத் திருகு எதற்கென்றே தெரியாது. லீவரை இழு, பச்சை விளக்கு வரும், ஏறும் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

நாலு பயணம் நன்றாகப் போனது. ஒவ்வொரு முறையும் நான் பூட்டி அனுப்பினேன், வந்ததும் திறந்துவிட்டேன். நாலாவது பயணம் முடிந்து வந்தபோது அக்கா ஒரு குறை சொன்னாள். காட்டுப் பயணங்களில் மட்டும் தார் ரோட்டில் முன்பக்கம் ஊ என்று ஓர் உறுமல் கேட்கிறது, மூன்று மணி நேரத்தில் தலை வலி வந்துவிடுகிறது என்றாள். பூட்டின சக்கரம் முன்னச்சையும் சேர்த்துச் சுழற்றுவதால் வருகிற சத்தம் அது. வண்டி ஓட்டத் தெரிந்தவளுக்கு அதைக் கேட்கவும் தெரிந்திருக்கிறது என்று நான் மெச்சியிருக்க வேண்டும். மெச்சவில்லை. சீமாட்டி கிடைக்காத எரிச்சலில் நொட்டை சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஐந்தாவது பயணத்துக்கு வண்டி வந்தபோது, சரி, மகாராணிக்குத் தலை வலிக்க வேண்டாம் என்று ஹப்பைப் பூட்டாமலே விட்டேன். காட்டு எல்லை வந்ததும் இறங்கி நீங்களே திருப்பிக்கொள்ளுங்கள் என்று அத்தானிடம் சொல்லி, எப்படி என்று செய்துகாட்டலாம் என்று திட்டம். அவர் மாலையில் வண்டியை எடுக்க வந்தபோது நான் ஒரு லாரிக்காரரோடு பழைய பாக்கிச் சண்டையில் இருந்தேன். சாவியைத் தூக்கிப் போட்டேன். அவர் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரிதானே என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலைக் காட்டினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஓடைக்கரையில் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்த அத்தான் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று அக்காவுக்கு உடனே தெரிந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு நடுவில் வேலை செய்கிறவள். பையிலிருந்த மாத்திரையை மென்று விழுங்கவைத்து, அவரை முன் இருக்கையில் சாய்த்து, வண்டியை எடுத்தாள். தார் ரோட்டுக்கு நாற்பது நிமிஷம், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அரை மணி. நேரம் இருந்தது. ஓடையிலிருந்து ஏறுகிற மேட்டில் முந்தின இரவு பெய்த மழையில் களிமண் ஊறியிருந்தது. அவள் நிறுத்தினாள், லீவரை இழுத்தாள், பச்சை விளக்கு எரிந்தது. பின்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டின. முன்சக்கரம் சும்மா வேடிக்கை பார்த்தது. கல்லைப் போட்டாள், தரைவிரிப்பைப் போட்டாள், தன் சால்வையைப் போட்டாள். ஃபோனில் சிக்னல் இல்லை. மரம் ஏற்ற வந்த டிராக்டர்காரர் அவர்களைக் கண்டபோது மணி ஒன்றேகால். அத்தான் இறந்து அரை மணி ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் கிழவனை இழுத்துக்கொண்டு வந்து என் பட்டறையில் விட்டார்கள். அச்சுவரை களிமண். நான் முன்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து விரலால் மண்ணைத் துடைத்தேன். ஃப்ரீ. அந்தப் பக்கம் போய்த் துடைத்தேன். ஃப்ரீ. அதற்குப் பிறகு நான் செய்ததை என்னவென்று சொல்ல. இரண்டையும் லாக் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, குழாயைத் திறந்து வண்டியைக் கழுவினேன்.

துக்க வீட்டில் அத்தானின் தங்கை எல்லோருக்கும் கேட்கும்படி அழுதாள். ஓர் ஆம்பிளை ஓட்டியிருந்தால் என் அண்ணன் பிழைத்திருப்பான் என்றாள். வண்டி ஏறவில்லை, நான் எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று அக்கா சொன்னபோது, அந்தத் தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நான் அதே அறையில், கதவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நாற்காலிக் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னிடம் தனியாக வந்து கேட்டாள். முதலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு தினமும். லீவரை வண்டி நின்ற பிறகு இழுத்தது தப்பா, ஓடும்போதே இழுத்திருக்க வேண்டுமா, இரண்டாம் கியரில் எடுத்திருக்க வேண்டுமா. களிமண் அக்கா, எந்த வண்டியும் ஏறாது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சீமாட்டி ஏறியிருக்குமா என்று ஒரு நாள் கேட்டாள். அதுவும் ஏறியிருக்காது என்றேன். அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. என்னை அல்ல, தன்னை. ஸ்டீயரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டாள். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். குழந்தையின் கையில்கூட முதல் குத்திலேயே நரம்பைப் பிடிக்கிறவள், ஊசி பிடித்தால் கை நடுங்குகிறது என்று ரசீது எழுதும் மேஜைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். இதெல்லாம் தெரிந்தும் நான் தினமும் மூன்று வேளை சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து வண்டியை விற்றுவிடு என்றாள். கல்குவாரி மேற்பார்வையாளர் ஒருவர் பார்க்க வந்தார். கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் அக்காவும் பட்டறைக்கு வந்திருந்தாள். அந்த மனிதர் விஷயம் தெரிந்தவர். பானட்டைத் திறப்பதற்கு முன்பே முன்சக்கரத்தைப் பார்த்துவிட்டார்.

"தினம் தார் ரோட்டுல ஓடின வண்டிங்கறீங்க. ஹப்பை எதுக்குப் பூட்டியே வச்சிருக்கீங்க?"

அது என்ன என்று அக்கா கேட்டாள். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன், டயர் புதுசு என்றேன். அவர் நல்ல மனிதர், பெண்பிள்ளை கேட்கிறாளே என்று பொறுமையாக விளக்கினார். இது ஃப்ரீயில் இருந்தால் உள்ளே லீவர் போட்டும் பிரயோஜனமில்லை, பச்சை விளக்கு மட்டும் எரியும், சேற்றில் பின்சக்கரம் குழிதான் தோண்டும் என்றார். அவர் சொல்லி முடிக்கும்வரை அக்கா திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு இது எப்படி இருந்துச்சு?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. மூன்று மாதப் பழக்கம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை.

"ஃப்ரீல."

"நீ எப்பப் பாத்தே?"

"வண்டி வந்த அன்னைக்கே. நான்தான் பூட்டாம அனுப்பினேன். சொல்ல மறந்துட்டேன்."

"நான் தினமும் கேட்டேனேடா."

குவாரிக்காரர் ஏதோ குடும்ப விவகாரம் என்று புரிந்துகொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். அக்கா முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, திருகைக் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் பிடித்துத் திருப்பினாள். நான் கிரீஸ் போட்ட திருகு. டக் என்று ஃப்ரீக்கு வந்தது. திரும்பவும் திருப்பினாள், டக் என்று லாக்குக்குப் போனது. மறுபடி ஃப்ரீ, மறுபடி லாக். அவள் கை நடுங்கவேயில்லை.

"இவ்வளவுதானா," என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

எழுந்து, அந்தப் பக்கம் போய், மற்றதும் லாக்கில் இருக்கிறதா என்று பார்த்தாள். குவாரிக்காரரிடம், வண்டி விற்பதற்கில்லை, உங்களை அலையவைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். என் மேஜையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள். மூன்று மாதம் ஸ்டீயரிங்கைத் தொடாதவள், அந்தக் கனத்த கிளட்சை ஒரே மிதியில் மிதித்து, பின்னுக்கு எடுத்து, கதவுத் தூணில் உரசாமல் தெருவுக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. மறுபடி ரத்தம் எடுக்கிற வேலைக்கே திரும்பிவிட்டாள் என்று அம்மா சொல்லித் தெரியும். எண்ணெய் மாற்ற பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறொரு பட்டறைக்குப் போகிறாள். ஆனால் வேலைக்குப் போகிற வழி என் பட்டறை வழிதான், அதை மாற்ற முடியாது. காலை ஏழு இருபதுக்கு வருவாள். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் தெரிந்துவிடும். முன்பக்கம் ஊ என்று அந்த உறுமல். ஹப் இரண்டையும் பூட்டியேதான் தினமும் ஓட்டுகிறாள், தலை வலித்தாலும் திறப்பதில்லை. தார் ரோட்டில் அப்படி ஓட்டினால் டீசல் அதிகம் குடிக்கும், முன்னச்சும் சீக்கிரம் தேயும். முக்குத் திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்கும்.